லோரெத்தா விற்ற வண்டி

லூகோவில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு ஐம்பத்து நாலு வயதில்தான் மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. இத்தாலியில் எங்கள் ரொமாஞ்ஞா மண்ணில் பதினாலு வயதில் வந்து போகிற காய்ச்சல் அது. காலம் தப்பி வந்தால் அம்மை மாதிரி, ஆளை உருக்கிவிடும்.

இமோலாவில் நடக்கும் பழைய வண்டிச் சந்தையில், லோரெத்தா என்கிற அறுபத்தைந்து வயதுப் பெண் ஆறு பழப்பெட்டிகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டிகளுக்குள் பிரித்துப்போட்ட ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. 1956இல் செய்த டூ ஸ்ட்ரோக், நூற்றிருபத்தைந்து சிசி. துரு, கரி, கிரீஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் பெட்ரோல் டாங்க் மட்டும் செர்ரிப் பழம்போல மினுங்கியது. நான் அந்த டாங்கைத்தான் வாங்கினேன். மற்றதெல்லாம் கூடவே வந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஓட்டினதா?" என்று கேட்டேன்.

"அவரா? பின்னாடி உக்காந்தாலே கண்ண இறுக மூடிக்குவாரு. நான் ஓட்டினது. உங்களுக்குப் பூட்டத் தெரியுமா?"

"நான் மில்லிகிராம் கணக்குல வேலை பாக்கறவன்மா."

"அப்பச் சரி," என்றார், சரியில்லை என்கிற குரலில். தன் போன் நம்பரை ஒரு பெட்டியின் மேல் எழுதிக் கொடுத்தார்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தேன். ஒவ்வொரு திருகாணியையும் மாத்திரை டப்பாவில் போட்டு, கடையில் ஒட்டுகிற மாதிரியே சீட்டு எழுதி ஒட்டினேன். மண்ணெண்ணெய் பட்டு ஒரே வாரத்தில் சீட்டெல்லாம் உதிர்ந்தன. அதன் பிறகு ஊகம்தான். லோரெத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். படித்தவன் கேட்பானா? மார்ச்சில் வண்டி எழுந்து நின்றது. மேசையில் ஒரு கைப்பிடி சாமான் மிச்சம் கிடந்தது.

"இதெல்லாம் என்ன இவானோ?" என்றாள் என் மனைவி நிவெஸ்.

"உபரி."

"ஓ. தொழிற்சாலைக்காரன் உனக்குன்னு இனாமாப் போட்டானாக்கும்."

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியைச் சதுக்கத்து பார் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டிலேயே கிளப்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் பார்க்க ஆள் இல்லாத வெற்றி எனக்கு எதற்கு? பித்தான் போட முடியாத தோல் சட்டை வேறு. பார் வாசலில் ப்ரீமோ தன் மூன்று கூட்டாளிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். நான் மிதிக்க மிதிக்க நான்கு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்.

"பதினேழு! பதினெட்டு! டாக்டரே, உங்க கடையில இதய மாத்திரை இருக்குல்ல?" எங்கள் ஊரில் மருந்துக்கடைக்காரனும் டாக்டர்தான்.

இருபதாவது மிதியில் பெடல் என் காலைத் திருப்பி உதைத்தது. உயிர் போகிற வலி. ஆனால் இன்ஜின் பிடித்துக்கொண்டது! நீலப் புகை எழ, நான் ரோமாபுரிச் சக்கரவர்த்தியைப்போல நால்வரையும் திரும்பிப் பார்த்தேன். முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். வேகம் போதவில்லை, அதனால்தான் முன்னால் போக மாட்டேனென்கிறது என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். மேசை கவிழ்ந்தது. சீட்டுகள் பறந்தன. சிவப்பு ஒயின் ப்ரீமோவின் வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது. கடைசியில் நானும் வண்டியும் பூந்தொட்டிகளுக்கு நடுவில் அமர்ந்தோம்.

"மூணு கியரும் ரிவர்ஸாடா?" என்று கேட்டான் ப்ரீமோ, கால்சட்டையைப் பிழிந்தபடியே. "அப்ப நாங்க உன் முன்னாடி உக்காந்திருக்கணும். எங்க தப்புதான்."

அன்று சாயங்காலமே லோரெத்தாவுக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை கடை மூடியிருக்கும் மதிய நேரத்தில் வந்தார். கோளாறைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"பொறி ரொம்ப முன்னாடியே விழுது டாக்டர். அதான் காலத் திருப்பி உதைச்சுட்டு, இன்ஜின் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. டூ ஸ்ட்ரோக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எனக்கும் ஒரு தடவை ஆச்சு, பதினேழு வயசுல."

ஆறுதலாக இருந்தது. "நீங்களும் மேசைய இடிச்சீங்களா?"

"நான் கிளச்சப் பிடிச்சேன்."

பிறகு என் உபரிகளைக் கிளறி, ஒரு சின்ன ஸ்பிரிங்கைத் தூக்கிக் காட்டினார். "இது பிரேக்குக்குள்ள இருக்கணும். நல்லவேளை பின்னாடி போனீங்க. முன்னாடி போயிருந்தா, நிக்கறதுக்குச் சர்ச் சுவர்தான் கதி."

அடுத்த மூன்று மதியங்கள் அவர் பூட்டினார். நான் விளக்குப் பிடித்தேன். நிவெஸ் பியாதினா ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் கொண்டுவந்து, அவரோடு சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊர் அதற்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டது: 'காம்பெரோ'. பின்னால் நீந்துகிற இறால். எண்பது வயதுக் கிழவிகள்கூடக் கடைக்கு வந்து, "இறால் டாக்டர், இந்த இருமல் மருந்தக் குடிச்சா இருமல் முன்னாடி போகுமா, பின்னாடியா?" என்று கேட்டார்கள்.

ஜூனில் நிவெஸைப் பின்னால் உட்காரவைத்துப் பக்கத்திலிருக்கும் செர்வியா கடற்கரைக்குப் போனேன். வழியில் இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். அங்கே வண்டியை நிறுத்தியதும் ஒரு மிலானோக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அழகு! நீங்களே பூட்டினதா?"

வாய் நிறைய ஒரு பொய் வந்து நின்றது. நிவெஸ் என்னையே பார்த்தாள்.

"ஒரு தடவை," என்றேன். "அப்புறம் லோரெத்தான்னு ஒருத்தங்க ஒழுங்காப் பூட்டினாங்க."

மனிதர் லோரெத்தாவின் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த பிறகு வயிற்றெரிச்சலாக இருந்தது. நிவெஸ் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வறுத்த மீன் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.