தீவில் எடுக்க வேண்டிய முடிவு

இனியா வாய் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். சொன்னால் நம்பமாட்டீர்கள், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் அப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

அவளுடைய அலுவலகம் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகளெல்லாம் ஜெர்சி என்ற தீவில் பதிவானவை. பிரிட்டிஷ் மன்னருக்குக் கீழே இருந்தாலும் அந்தத் தீவு பிரிட்டனோடு சேர்ந்ததில்லை. தனிச் சட்டமன்றம், தனிச் சட்டம், தனி வரி. பாதுகாப்புக்கும் வெளிநாட்டு விவகாரத்துக்கும் மட்டும் பிரிட்டன். வரி குறைவு என்பதால் எங்கெங்கோ இருக்கும் பணக்காரர்கள் அங்கே கம்பெனி வைத்திருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் முடிவுகளைத் தீவில் இருப்பவர்கள் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் யாரோ முடிவெடுத்ததுபோலத் தெரிந்தால் வரிக்காரர்கள் குடைந்துவிடுவார்கள். அதனால் இனியா கூட்டத்தைத் திரையில் பார்த்துக் குறிப்பெடுப்பாள், அவ்வளவுதான். தலையைக்கூட ஆட்டமாட்டாள்.

அதே அலுவலகம் தீவுக்கு அனுப்பியிருந்த ஆள் கதிரேசன், சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்துப் பையன். கூட்டம் முடிந்ததும் இருவரும் போனில் மணிக்கணக்கில் பேசுவார்கள். பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது தேக்கா சந்தையில் ஒரே தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். கல்யாணப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அன்று சாயங்காலம் கூட்டத்தின் கடைசியில், வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று தலைவியான வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். கதிரேசனுக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, எழுந்து நின்று தமிழில் ஆரம்பித்தான்.

"இனியா, என்னைக் கட்டிக்கிறியா? சரின்னா அடுத்த மாசமே வந்துடுறேன். இல்லன்னா இன்னும் மூணு வருஷம் இங்கயே இருக்கேன்னு சைன் பண்ணணும். இன்னைக்குத்தான் லாஸ்ட் டே லா."

அவள் நெஞ்சு எகிறிக் குதித்தது. சரி என்று கத்த வேண்டும்போல இருந்தது. கூட்டம் இன்னும் முடியவில்லையே! சிங்கப்பூரிலிருந்து முடிவு சொல்லலாமா? பழக்க தோஷம், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் முகம் தொங்கிப்போனது. "ஓகே லா," என்று வெளியே போனான். தலைவியோ ஆற அமர எல்லாருக்கும் நன்றி சொல்லி, ஒருவழியாகக் கூட்டத்தை முடித்தார்.

"சரி! சரி! சரி!" என்று இனியா எழுந்து நின்று கத்தினாள். அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது. தீவில் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. மைக் மூடியே கிடந்தது! அவசர அவசரமாகத் திறந்து, அவரைக் கூப்பிடுங்கள், கல்யாண விஷயம் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அந்த அம்மாள் குதிகால் செருப்பை உதறிவிட்டு ஓட்டமாக ஓடினார்.

கதிரேசன் கையில் பேனாவோடு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சைன் பண்ணிட்டியா?"

"பண்ணப் போனேன். நீ தீவுக்கு வந்துதான் பதில் சொல்லுவியோன்னு நெனச்சேன்."

இனியா அழுதுகொண்டே சிரித்தாள். "அதெல்லாம் கம்பெனிக்கு. என் முடிவை இங்க உக்காந்து நானே எடுத்தாச்சு. பேனாவைக் கீழ போட்டுட்டு டிக்கெட்டைப் போடு!"