பரமேஸின் சைவம்

"கறி மீனையே தொடாத எனக்கு எப்படிங்க சீனி வியாதி வரும்?"

ஹட்டனில் இரத்தம் சோதித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், பரமேஸ் கணவனிடம் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். சீனி வியாதியால் அவளுடைய அம்மா ஒரு காலை இழந்திருந்தாள். கறி தின்றதால்தான் அது வந்தது என்று நம்பி, பரமேஸ் அப்போதே சைவமாகிவிட்டாள்.

"டாக்டர் கறியப் பத்திக் கேக்கவே இல்லையே," என்றான் யோகநாதன். "காலையில ரொட்டி, கொழுந்து பறிக்கிற மலையிலயும் ரொட்டி, உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டே பாலில்லாத பிளேன்டி. அதத்தான் கேட்டாரு."

"சீனியும் சைவந்தானே."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்காமல் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தான்.

"நானும் ஒங்கூட சீனிய விட்டுடுறேன், புள்ள. நாளைக்கு மலைக்குச் சீனி கட்டிக்காமப் போறியா?"