தாய்மாமன் மடி

நாடகக்காரர்கள் வருகிறார்கள் என்று நாகஜோதி சொன்னபோதே சிவக்குமாருக்குச் சந்தேகம் தட்டியது. அக்கா எதையும் சும்மா செய்கிறவள் இல்லை.

அவள் காளவாசல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிய பையன்கள் வகுப்பிலேயே அடித்துக்கொண்டு ஒருவனுக்கு மண்டை உடைந்தது. பையன்களிடம் பேசிப் பயனில்லை, கயிறு கட்டி அனுப்புகிற வீடுகளில் பேச வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்ததுதான் வீட்டு நாடகம். இரண்டு பேர் வருவார்கள். பத்து நிமிடம் நடிப்பார்கள். பிறகு வீட்டார் உட்கார்ந்து பேச வேண்டும். நாகஜோதி தன் பங்குக்கு அவர்களைச் சமயநல்லூரில் தன் பிறந்த வீட்டுக்கே அழைத்துவிட்டாள்.

ஏன் இந்த வீடு? ஏன் இந்த வாரம்? அடுத்த ஞாயிறு அவன் மகள் மகிழினிக்குக் காதுகுத்து.

மகிழினிக்கு மூன்று வயது. அவள் அம்மா தமிழ்வாணி டெங்குவில் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இல்லாமல் இல்லை. தமிழ்வாணியின் அண்ணன் பீமாராவ் கொட்டாம்பட்டியில் இருக்கிறார். ஆனால் சிவக்குமாரின் அப்பா காசிமாயன் வேறு ஏற்பாடு செய்திருந்தார். மாமன் முறைக்குத் தன் மைத்துனர் மகன் தங்கப்பாண்டியிடம் சொல்லி வைத்தாயிற்று. தங்கள் வயலில் கூலிக்கு நின்ற சாதிக்காரனைக் குலசாமி கோயிலில், பங்காளிகள் அத்தனை பேர் முன்னால், மாமன் என்று உட்கார வைக்க அவரால் ஆகாது. இப்படி உடைத்துச் சொல்லவில்லை. தாயில்லாப் பிள்ளை, நல்ல நாளில் வம்பு எதற்கு என்று மட்டும் சொன்னார்.

சிவக்குமார் வாயைத் திறக்கவில்லை. தமிழ்வாணி போன பிறகு அவன் எதற்குமே வாயைத் திறப்பதில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பீமாராவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் வாரா வாரம் பிள்ளையின் குரலைக் கேட்க ஃபோன் செய்வார். சிவக்குமார் பிள்ளையின் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்தார்கள். வீட்டாரோடு பக்கத்து வீட்டு உக்கிரபாண்டி குடும்பமும் வந்து உட்கார்ந்தது. நடிக்க வந்தவர்கள் ராம்கி என்ற இளைஞனும் சுபலட்சுமி என்ற பெண்ணும். மேடை இல்லை, திரை இல்லை. ராம்கி தோளில் ஒரு துண்டைப் போட்டதும் வீட்டு ஓனர் ஆனான். சுபலட்சுமி பையைத் தூக்கியதும் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவள் ஆனாள்.

ஓனர் சாதியைக் கேட்கவே இல்லை. சொந்த ஊர் எது என்றார். ஊரில் எந்தப் பக்கம் என்றார். குலசாமி எது, பொங்கல் யாரோடு சேர்ந்து வைப்பீர்கள் என்றார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் பழக்கமான வேலை. பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவது போலச் சுற்றி வளைத்து, கடைசியில் ஓனருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. வீட்டைக் கொடுத்தார். சாவியை நீட்டும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“சாமி ரூமுக்குள்ள மட்டும் வேணாம்த்தா. மத்தபடி இது ஒன் வீடுதான்.”

சிவக்குமார் திரும்பி அம்மாவைப் பார்த்தான். சின்னத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

தமிழ்வாணி இந்த வீட்டில் கால் வைத்த அன்று சின்னத்தாய் சொன்ன வார்த்தை அது. அப்படியே, எழுத்துப் பிசகாமல். கேட்டவர்கள் வீட்டார்தான். அக்கா அன்று ஊரில் இல்லை. அப்பா வெளியே சொல்ல மாட்டார். மிச்சம் தமிழ்வாணி. அவள் தன் அண்ணனிடம் சொல்லியிருப்பாள். அண்ணன் இவர்களிடம் சொல்லியிருக்கிறார். மடிக்கு ஆள் மாறிய கதை அவர் காதுக்கு எட்டிவிட்டது. நேரே வந்து கேட்காமல் ஆள் விட்டுக் கேட்கிறார். சிவக்குமார் கணக்கைக் கூட்டி முடித்துவிட்டான்.

நாடகம் முடிந்ததும் பேச்சுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதிரி எதுவும் கிடையாது, மருமகள் எங்களோடுதான் சாப்பிட்டாள் என்று காசிமாயன் சொன்னார். உக்கிரபாண்டி அதை ஆமோதித்தார். பேச்சு அங்கேயே நின்றது. அதனால் ராம்கி வேறு வழி பார்த்தான். துண்டை எடுத்துக் காசிமாயனிடம் நீட்டி, நீங்கள் ஓனராக இருந்து பாருங்கள் என்றான்.

அவர் மறுப்பார் என்று நினைத்தார்கள். துண்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

பிரமாதமாகச் செய்தார். அவர் கேட்டதற்குப் பக்கத்தில் ராம்கியின் கேள்விகள் பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பது போல ஆகிவிட்டன.

“ஊருக்குள்ள பஸ்சு வந்தா மொத ஸ்டாப்புல எறங்குவியாத்தா, கடேசி ஸ்டாப்புலயா?”

உக்கிரபாண்டி தொடையில் தட்டிச் சிரித்தார். அடுத்து காசிமாயன், ரேஷன் கடைக்கு ஊரைச் சுற்றிப் போவீர்களா, ஊருக்குள்ளேயே போவீர்களா என்று கேட்டார். சுபலட்சுமி நாடகத்துக்காக ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். காசிமாயன் விடவில்லை.

“அது நாடகத்து ஊரு. ஒனக்கு நெசமா எந்த ஊரு?”

“கொட்டாம்பட்டிப் பக்கம்ங்கய்யா.”

“பக்கம்னா?”

சுபலட்சுமி பையைக் கீழே வைத்தாள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். காசிமாயன் துண்டை இன்னும் தோளில்தான் போட்டிருந்தார். ராம்கி கை தட்டி, நல்லா செஞ்சீங்கய்யா என்று சொல்லித் துண்டை வாங்கிக்கொண்டான். நாகஜோதி டீ எடுத்துவர இறங்கினாள்.

கொட்டாம்பட்டி. சிவக்குமாருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சுபலட்சுமி கை கழுவக் கீழே போனபோது பின்னாலேயே போனான். குழாயடியில் நின்றாள். ஒரு வருடத்தில் தானாக வலியப் போய் ஒருவரிடம் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

“கொட்டாம்பட்டில எங்க?”

“உள்ள தள்ளிண்ணே.”

“உள்ளன்னா? ரோட்டுக்கு மேக்கயா, கெழக்கயா?”

அவள் குழாயை மூடினாள்.

“கோயிலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? பீமாராவ் வீடு தெரியுமா? அந்தத் தெருவா?”

சுபலட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. பழகிப்போன அலுப்புதான் தெரிந்தது.

“அண்ணே, நாடகம் முடிஞ்சிருச்சு.”

அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும், நான் அதைக் கேட்கவில்லை, ஆள் விட்டது யார் என்றுதான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். கேட்டது என்னவோ அப்பா கேட்ட அதே கேள்விகள்தான். அப்பா சிரிக்கச் சிரிக்கக் கேட்டார். இவன் குழாயடியில் மறித்து நின்று கேட்டிருக்கிறான்.

“அந்த சாமி ரூம் வார்த்தை,” என்றான். “அது யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்க ஹவுஸ் ஓனரம்மா. போன வருசம், எனக்கே சொன்னது.” கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். “போற வீட்டுலல்லாம் இதைத்தாண்ணே கேக்குறாக. எங்க வீட்டு வெசயத்த யாரு சொன்னான்னு.”

அவள் மேலே போய்விட்டாள். டீயைக் குடித்துவிட்டு இருவரும் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் எதையும் பேசித் தீர்க்கவில்லை. நாகஜோதி பாயைச் சுருட்டினாள்.

சிவக்குமார் கூடத்துக்கு வந்தான். காசிமாயன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சின்னத்தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் முன்னாலேயே பீமாராவுக்கு ஃபோன் போட்டான்.

“சொல்லுங்க மாப்ள. பிள்ளைக்கு ஏதுமா?”

இவனாக அழைத்தால் அப்படித்தான் தோன்றும். ஒன்றுமில்லை, அடுத்த ஞாயிறு காதுகுத்து, மடிக்கு நீங்கள் வர வேண்டும் என்றான்.

“யாரு கூப்பிடச் சொன்னா?”

“நாந்தான் மச்சான்.”

“ஒங்கய்யா?”

சிவக்குமார் அப்பாவைப் பார்த்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நாந்தான் கூப்பிடுறேன்.”

“வரச் சொல்லிட்டு, அங்க வந்தப்புறம் ஓரமா நில்லுன்னா நிக்க மாட்டேன் மாப்ள. வாரேன். ஆனா பிள்ளை மடியில உக்காருற வரைக்கும் நம்ப மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. ஃபோனை வைத்தான்.

காசிமாயன் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் மெதுவாகத்தான் சொன்னார். செய்வதென்றால் செய், ஆனால் கோயிலில் வேண்டாம், காளவாசலில் ஒரு மண்டபம் பார், பங்காளிகளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கேட்க நியாயம் போலவே இருந்தது. சாமி ரூமுக்குள்ளே மட்டும் வேண்டாம் என்றதும் அன்று அப்படித்தான் இருந்தது. சரி என்று தலையாட்டியவன் அவன்தான்.

“கோயில்லதான்ப்பா,” என்றான்.

“அப்ப நான் வரல.”

“சரிப்பா.”

காசிமாயன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. நேரே தங்கப்பாண்டி வீட்டுக்குத்தான் போவார். அங்கிருந்து விஷயம் பங்காளிகள் வீடு வீடாகப் போகும்.

சின்னத்தாய் கடைசி வாயை ஊட்டிவிட்டுத் தட்டோடு எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்றாள்.

“அங்கிட்டிருந்து எம்புட்டுப் பேரு வருவாக?”

உலை வைக்கக் கேட்கிறாளா, அப்பாவிடம் போய்ச் சொல்லக் கேட்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் முகத்திலும் அது தெரியவில்லை.

“கேட்டுச் சொல்றேன்,” என்றான்.