குபேரன் வைத்த பொட்டு

“நான் ஒண்ணும் துன்னலன்னு சொல்லிக்கினே—”

“வாயில நெய் வாசனை வருது, துன்னலையாம்.”

“பிரசாதம்மே அது. பிரசாதத்தைப் போயி துன்னதுல சேத்துவியா?”

ஊசியும் கையுமாக நின்ற ரூபா, கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். திருப்பதியில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்து ஆறு வருஷம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பிரசாதத்தை மட்டும் விதிவிலக்காக்கிக் கொள்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுவார்கள்.

துலுக்காணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு கண்ணின் உள்மூலையிலும், இமைமேல், கடலைப்பருப்பை ஒட்டவைத்தாற்போல் மஞ்சளாக ஒரு தடிப்பு. வலிக்காது, அரிக்காது. அவன் அண்ணன் கங்கையாவுக்கு அதே தடிப்பு வந்தபோது, நாகலாபுரத்தில் வீடே அதைக் குபேரன் வைத்த பொட்டு என்றது. அந்த வருஷமே போர்வெல்லில் தண்ணீரும் வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. நாற்பத்துநாலாவது வயதில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன கங்கையா தொட்டிமேலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

போன வாரம் தேவயானிதான் புருஷனை டாக்டரிடம் இழுத்து வந்தாள். டாக்டர் இமையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகால் நரம்பையும் அழுத்திப் பார்த்தார். தோலில் தேங்கிய கொழுப்பு என்றார். சிலருக்கு வேறு ஒன்றும் இருக்காது, சிலருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பதன் அடையாளம். அண்ணன் சங்கதியைக் கேட்டபின் சும்மா விட முடியாது, இப்போதே தெரிந்தால் மாத்திரையிலேயே அடக்கப் பார்க்கலாம் என்றார்.

இன்று முதல் பஸ்ஸில் வந்தார்கள். அவள் சீட்டு வாங்க வரிசையில் நின்ற நேரத்தில், மலையிலிருந்து இறங்கிவந்த ஊர்க்காரன் கிருஷ்ணப்பா பிரசாதம் கொடுத்தானாம். நீட்டின கையைத் தள்ளினால் பாவமாம்.

“ஒரு கிள்ளு வாயில போட்டா பிரசாதம், மாமா.” அவன் சட்டைப் பையிலிருந்து வெறும் காகிதத்தை உருவினாள் தேவயானி. “இது முழு லட்டு.”

ரூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேபு ரண்டி, என்று நாளைக்கு வரச் சொல்லி ஊசியைக் கீழே வைத்தாள்.

துலுக்காணம் விருட்டென்று எழுந்தான். சுருட்டியிருந்த சட்டைக்கையை இறக்கினான். நாளைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட் இருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினான்.

அந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் தேவயானிக்கு விளங்கியது. இனிப்பென்றால் முகம் சுளிப்பவன் அவன். கல்யாணத்தன்று அவள் ஊட்டிய ஜிலேபியில் பாதியை வேட்டி மடிப்பில் ஒளித்தவன்.

சண்டையை விட்டாள். அவன் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, மீசையில் ஒட்டியிருந்த பூந்தித் துணுக்கை முந்தானையால் துடைத்தாள். ராத்திரி இங்கேயே சத்திரத்தில் தங்கலாம், காலையில் தானும் கூடவே பட்டினி கிடப்பதாகச் சொன்னாள்.

“பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேனா, மாமா?”

அவன் இமையைத் தடவிக்கொண்டான்.

“அண்ணனுக்கு ஒரு கண்ணுலதான் இருந்துச்சு, தேவயானி. எனக்கு ரெண்டுலயும் கீது.”