மூன்றாவது கிலோமீட்டர் ஒட்டு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கவே கூடாது. சின்னவர் வந்து சேர்ந்த ஆறாம் மாதமே பெரியவருக்கு இது விளங்கிவிட்டது.

தகவலை ஒளியாகக் கொண்டுபோகும் நெடுந்தூர ஒளியிழைத் தடத்தில் பதினெட்டு வருடமாகக் கண்ணாடி இழை ஒட்டுபவர் பெரியவர். சின்னவர் அவருடைய மச்சினியின் கணவர், நேற்று வந்த எஞ்சினியர். வந்ததும் வராததுமாக ஒரு திட்டம் போட்டார். போகப் போக மங்கும் ஒளியைக் கூட்டிவிட வழியிலுள்ள பழைய பெருக்கிகள் அதன் ஒரு நிறப்பட்டையைத்தான் தூக்கிவிடுகின்றன. தடம் முடிகிற இடத்திலிருந்து எதிர்த்திசையில் பலமான லேசரைப் பாய்ச்சினால் இழையே பெருக்கியாகிவிடும், இன்னொரு பட்டையும் பிழைக்கும். புதுக் கேபிள் புதைக்காமலே இரண்டு மடங்கு தகவல் போகும்! மேலாளருக்கு வாயெல்லாம் பல். "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்னா மூளைங்க" என்று மனைவி அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள். பெரியவருக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை சோதனையில் புதுப் பட்டை எழவில்லை. பெரியவருக்கு உள்ளுக்குள் அப்படியொரு குளிர்ச்சி.

"எங்க இடிக்குதுன்னு கொஞ்சம் அளந்து பாருங்கண்ணா" என்றார் சின்னவர். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா மேனேஜர் திட்டத்தையே மூட்டை கட்டச் சொல்லிட்டாரு."

பெரியவர் அளந்தார். லேசர் வைத்த அறையிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில் ஓர் ஒட்டு. லேசரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது. யார் ஒட்டியது என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அதை ஒட்டிய அன்று நல்ல மழை. அவர்தான் அவசரத்தில் அளந்து பார்க்காமல் ஒட்டுப் பெட்டியின் மூடியை முடுக்கிவிட்டு வந்தார். பழைய பெருக்கிகள் அந்த இழப்பை ஈடுகட்டிவிட்டதால் இதுவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வாயைத் திறந்தால் பதினெட்டு வருடப் பெயர் போகும். மூடிக்கொண்டால் சின்னவரின் திட்டம் போகும். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மேலாளர் அறை வாசலில் சின்னவரை மறித்தார்.

"தம்பி, உங்க கணக்கு சரிதான். மூணாவது கிலோமீட்டர்ல என் ஒட்டுதான் சொதப்பல். மத்தியானத்துக்குள்ள வெட்டி ஒட்டித் தந்துடறேன்."

சின்னவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்ணா. புதன்கிழமையே நானும் அளந்துட்டேன். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"என் கணக்குதான் தப்புன்னு எழுதிக் குடுத்திருப்பேன். உங்களக் காட்டிக் குடுத்துட்டு அக்கா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

மத்தியானம் ஒட்டு முடிந்தது, புதுப் பட்டை எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவரும் தட்டினார். மூளையில் மிஞ்சியதையாவது எப்படியோ பொறுத்துக்கொண்டிருக்கலாம். மனசிலும் மிஞ்சிவிட்டானே, படுபாவி!