அண்ணனுக்கு ஒட்டிய உடம்பு

போட்டித் தேர்வுக்கான மாலை வகுப்பில் பாலசுந்தரம் சார் பலகையில் 'பதிலிப் போர்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். இரண்டு நாடுகள் தாங்கள் மோதிக்கொள்ளாமல், மூன்றாவது இடத்தில் ஒரு கூட்டத்துக்கு ஆயுதம் கொடுத்து மோத விடுவது என்று விளக்கம் சொன்னார். தேர்வில் கேட்பார்களாம். எழுதிக்கொண்டேன். என் அண்ணன் வீரமணி அப்படியொரு கூட்டத்தின் பிடியில் இருப்பது வகுப்புக்கே தெரியும். அதனால் சார் என் பக்கம் திரும்பாமலே பாடத்தை நடத்தினார்.

முத்தமிழ் மட்டும் எழுந்தான். "கூலிக்கு அடிக்கிறவங்க மாதிரி சொல்றீங்களே சார். அவங்க போராளிங்க. வல்லரசுக்கு எதிரா நிக்கிறாங்க."

"எது மேல நிக்கிறாங்க? எங்கண்ணன் நெஞ்சு மேலயா?" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் கைப்பேசியைத் திறந்தால் முகத்தை மூடிய ஒருவன் துப்பாக்கியோடு நிற்பான். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர் அதட்டினால் பேசாமல் பின்னால் நகர்ந்து நிற்கிறவன் முத்தமிழ். வீரம் கடல் தாண்டி நடந்தால்தான் அவனுக்குப் பிடிக்கும்.

இப்படி எழுதுவது நியாயமா என்று தெரியவில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள், நடந்ததை வரிசையாக எழுதினால் புத்தி தெளியும் என்று சார் சொல்லியிருக்கிறார். வரிசையாகவே எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணன் ஒரு சரக்குக் கப்பலில் ஆயிலர். எஞ்சின் அறையில் எண்ணெய் பார்க்கிற வேலை. கோதுமை ஏற்றிப் போன கப்பலைச் செங்கடலில் மடக்கி, ஆட்களோடு தங்கள் துறைமுகத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். கப்பல் யாருக்கு எதிரி என்று அண்ணனுக்குத் தெரியாது. இழுத்துப் போனவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்களுக்குத் தோணியும் ஏவுகணையும் கொடுத்த நாட்டுக்குத்தான் தெரியும். அந்த நாடோ தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மும்பையில் கம்பெனி ஆபீஸிலிருந்து கவிதா மேடம் பேசுவார். "நம்ம அரசாங்கம் இன்னொரு நாடு மூலமாப் பேசுது. வீட்டிலேருந்து ஒரே ஒரு உதவிதான் வேணும். சத்தம் போடாதீங்க. உங்க ஊர்ல அவர் பேரு பெருசானா, அங்கே அவரை விடமாட்டாங்க."

எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. அரசாங்கம் என்பது தன் ஆளைத் திரும்பக் கூட்டி வருவதற்காக இருக்கிறது; அதை வாயை மூடிக்கொண்டு செய்தால் நல்லது. வகுப்பில் இதைச் சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். சொல்லட்டும்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதலில் நல்லதம்பி மாமா வந்தார். எதிர்க்கட்சி ஒன்றியப் பொறுப்பு. அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்.

"அக்கா, நாலு ரோட்டுல ஆர்ப்பாட்டம். நீங்க மேடையில உக்காந்தா போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அழுதாக்கூடப் போதும்."

அவர் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் முருகையன் மாமா வந்தார். ஆளும் கட்சி. அவரும் சால்வை கொண்டுவந்தார். "அவன் கூப்புட்டானாமே, போயிடாதீங்க. எங்க கூட்டத்துக்கு வாங்க. உங்க மவன் வந்ததும் நன்றி சொல்றதுக்கு இப்பவே ஒரு கூட்டம் போடுறோம்."

"வந்ததுக்கு அப்புறம் நன்றி சொன்னா ஆகாதா மாமா?" என்று கேட்டேன்.

"அப்ப அவனுவ முந்திக்குவானுவ பாப்பா."

இவர்கள் இருவரும் சம்பந்திகள். முருகையன் மாமாவின் மகளைத்தான் நல்லதம்பி மாமாவின் மகன் கட்டியிருக்கிறான். தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே கடையில் வேட்டி. இவர்களுக்காகக் கொடி பிடிக்கும் பையன்கள்தான் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார்கள். பதிலிப் போர் படிக்க நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்க வேண்டியதில்லை.

அம்மா எந்த மேடைக்கும் வரமாட்டாள் என்று நானே சொல்லி அனுப்பினேன். போனபின் அம்மா, "பெரிய மனுசங்க ரெண்டு பேரையும் பகைச்சுக்கிட்டியேடி" என்று பயந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அம்மா வராவிட்டால் என்ன, அண்ணனின் முகம் இருக்கிறதே. அந்த வாரமே ஒரே முனையில் எதிரெதிராக இரண்டு பிளெக்ஸ். இரண்டிலும் தலைவர்கள் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள். கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அண்ணன்.

தலை மட்டும்தான் அண்ணனுடையது. கழுத்துக்குக் கீழே கடற்படை அதிகாரியின் வெள்ளை உடுப்பு, மார்பு நிறைய பதக்கம், கையில் இயந்திரத் துப்பாக்கி. முதுகுக்குப் பின்னால் ஒரு போர்க்கப்பல் வேறு. இரண்டு கட்சிக்கும் ஒரே உடம்பு. 'வீரத்திருமகன்' என்று ஒன்றிலும் 'கடலாண்ட சிங்கம்' என்று மற்றொன்றிலும் எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெயர் சூட்டு விழாவுக்குக் கைக்குழந்தையின் தலையை ராஜா உடம்பில் ஒட்டுவார்கள். வார்டு மெம்பரைக் குதிரையில் ஏற்றுவார்கள். யாரும் நம்புவதில்லை, யாரும் கோபிப்பதும் இல்லை. பெரம்பலூரில் இந்த இரண்டு பிளெக்ஸையும் அடித்த கடையில் பகலில் வேலை பார்ப்பது முத்தமிழ்தான்.

"கெத்தா இருக்கட்டும்னு போட்டேன் ரஞ்சனி. ஆயிலர்னு அழுக்குச் சட்டையோடவா போடுறது?"

மறுநாள் காலையில் கவிதா மேடம் போன் செய்தார். நல்லதம்பி மாமாவும் முருகையன் மாமாவும் பிளெக்ஸைத் தங்கள் முகநூலில் போட்டிருக்கிறார்கள். அது எப்படியோ அந்தத் துறைமுகம் வரை போய்விட்டது. "இவன் உங்க நேவி ஆளு, மாறுவேஷத்துல வந்திருக்கான்னு கேக்குறாங்க. மத்தவங்ககிட்டேருந்து பிரிச்சு வச்சிட்டாங்க. படம் போட்டவங்களே அது ஒட்டுன படம்னு எழுதணும். இன்னிக்கே. உடனே."

நல்லதம்பி மாமாவுக்குப் போன் செய்தேன். "நான் மட்டும் எறக்குனா பயந்துட்டேன்னு முருகையன் ஆளுங்க சிரிப்பானுவ பாப்பா." முருகையன் மாமாவும் அதையே நல்லதம்பி பெயரைப் போட்டுச் சொன்னார். "அவன் மொதல்ல எடுக்கட்டும்." அண்ணன் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இங்கே இவர்கள் யார் முதலில் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் இருவரின் பொதுப் பேரனுக்குக் கோயில் தோப்பில் காதுகுத்து. ஊருக்கே கறிச்சோறு. நாங்கள் போவதாக இல்லை. நான் சொன்னதைக் கேட்டு முடித்த அம்மா முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டாள்.

"வா, பந்திக்குப் போவோம்."

"இப்பவா?" என்றேன். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பந்தியில் அம்மா நடுவாக உட்கார்ந்தாள். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு இலை முடியாமல் பந்தி எழுந்திருக்கக் கூடாது. ஒருவர் சாப்பிடாமல் எழுந்தால் அந்த விசேஷத்துக்கே ஆகாது. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"என்னாச்சு, கறி வேகலையா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

முருகையன் மாமா ஓடி வந்தார். "அண்ணி, சாப்புடுங்க."

"எறங்கல தம்பி. எம்மவன் தலய எடுத்து எவன் ஒடம்புலயோ ஒட்டி வச்சிருக்கீங்க. அங்க அவனத் தனியா அடைச்சுட்டானுவ. அத எறக்குங்க, சாப்புடுறேன்."

நல்லதம்பி மாமாவும் வந்துவிட்டார். "அக்கா, கட்சி விசயத்த எலையில வச்சுப் பேசலாமா?"

"எம்மவன ரோட்டு மொனையில வச்சுப் பேசுனீங்கள்ல?"

"சரி, சாயங்காலம் உக்காந்து பேசுவோம்."

சோற்றின் மேல் ஈ உட்கார்ந்தது. அம்மா அதை விரட்டவில்லை.

முருகையன் மாமாவின் மனைவி ஆண்டாயி கரண்டியோடு வந்தார். இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்பேரன் காதுகுத்துல ஒரு எல தொடாமக் கெடக்கு. ரெண்டு பேருக்கும் கட்சி வேற கேக்குதா? எடுங்கய்யா போன! ரெண்டு பேரும் ஒண்ணா!"

இருவரும் போனை எடுத்தார்கள். எந்த மாநிலக் கமிட்டி சொல்லியும் ஒன்றாக எதையும் செய்யாதவர்கள். நான் வாசகம் சொன்னேன்: 'இது ஒட்டிய படம். வீரமணி சரக்குக் கப்பலில் எண்ணெய் பார்க்கும் தொழிலாளி. எந்தப் படையிலும் இருந்ததில்லை.' நல்லதம்பி மாமாவின் கட்டைவிரல் தடுக்கியது; அவர் மகன் வாங்கி அடித்துக் கொடுத்தான். படத்தை நீக்கி, இதைப் போட்டபின் நான் பார்த்து, கவிதா மேடத்துக்கு அனுப்பினேன். பையன்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் போய் பிளெக்ஸைக் கிழித்தார்கள். ஒரே வண்டியில் இரண்டு கட்சிப் பையன்களும் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அம்மா மூன்று கவளம் சாப்பிட்டாள். பந்தி எழுந்தது.

அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். மாலைக்குள் இரண்டு அறிவிப்பிலும் ஒரு வரி கூடியிருந்தது. போலிப் படத்தைப் பரப்பியது எதிரணியின் சதி என்று நல்லதம்பி மாமா சேர்த்திருந்தார். முருகையன் மாமாவும் அதே சொற்களில் சேர்த்திருந்தார். மதியம் ஒரே வண்டியில் போன பையன்கள் அதன் கீழே ஒருவர் குடும்பத்தை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். முத்தமிழ் இரண்டுக்கும் விருப்பக்குறி போட்டிருந்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் போகவில்லை. அம்மா செய்ததும் சத்தம்தானே? ஊரே பார்த்தது. ஆனால் அம்மா தன் பசியை வைத்துச் செய்தாள், அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பிச் செய்யவில்லை. இந்த வித்தியாசம் பெரியதா என்று தெரியவில்லை. பெரியதென்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

காதுகுத்து முடிந்த நான்காம் நாள் அந்தி நேரத்தில் அண்ணன் பேசினான். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பது அவன் நிறுத்தி நிறுத்திப் பேசியதிலேயே தெரிந்தது.

"மத்தவங்களோட சேத்து விட்டுட்டாங்க. நல்லா இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரஞ்சனி, எவன்டி அத ஒட்டுனது? துப்பாக்கியப் பிரிச்சு மாட்டிக் காட்டுன்னாங்க. எனக்கு எந்தப் பக்கம் குண்டு வரும்னே தெரியல. அதப் பாத்துத்தான் நம்புனாங்க."

எப்போது விடுவார்கள் என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. பேச்சு நடக்கிறது, பொறுங்கள் என்று கவிதா மேடம் சொன்னார்.

அம்மா அடுக்களைக்குப் போய்ச் சோறும் ரசமும் எடுத்துவந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வாசலில் நல்லதம்பி மாமாவின் குரல் கேட்டது. "அக்கா! தம்பி பேசுனானாமே!"

அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு" என்றாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.