படத்தில் இல்லாத தேமல்

“தோல் இயல்பாக உள்ளது. சிகிச்சை தேவையில்லை.”

நகரத்துத் தோல் மருத்துவர் அனுப்பிய பதில் அது. அந்தச் சீட்டைத் தையல்காரம்மா நர்ஸின் மேசைமேல் போட்டாள்.

“என் மூஞ்சி எனக்குத் தெரியாதா நர்சம்மா? கண்ணுக்குக் கீழ வெளுத்துக் கெடக்கு. நேத்து குண்டூசி கீறி ரத்தமே வந்திருக்கு. துணி தைக்க வந்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். டாக்டர் எதைப் பாத்தாரு?”

அந்தச் சிறிய மருத்துவமனையில் தோல் மருத்துவர் இல்லை. நர்ஸ் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவாள். அங்கிருந்து பதில் வரும். அவள் இப்போது அந்தப் படத்தைத் திறந்து காட்டினாள்.

“இது யாரு, என் தங்கச்சியா? இருபது வயசு குறைஞ்சிருக்கே!”

நர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் துப்புரவுக்கார அக்காவின் பிரியாவிடை நாளில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தன் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை மறைக்க அவள்தான் கைப்பேசிக் கேமராவில் ‘அழகு’ அமைப்பைப் போட்டாள். அதை அணைக்க மறந்துவிட்டாள். தேமலை அது துடைத்துவிட்டது.

தவறை ஒப்புக்கொள்ள ஆண்டவன் தரும் நேரம் மிகக் குறுகியது. அதற்குள் வாய் திறந்துவிட வேண்டும். அவள் நிர்வாகியிடம் போய்ச் சொன்னாள்.

“முடிச்ச கேஸைத் திறந்தா மேலிடத்துல நம்மளக் குடைவாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் புதுசா வரச் சொல்லும்மா.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்?”

திரும்பி வந்து தையல்காரம்மாவைக் கண்மூடச் சொன்னாள். பஞ்சுத் திரியால் நெற்றியைத் தொட்டாள். “ஆமா.” வலது கன்னம். “ஆமா.” பிறகு தேமலைத் தொட்டாள். பதில் இல்லை. மறுபடி தொட்டாள்.

“தொடுங்கம்மா, ஏன் சும்மா நிக்கறீங்க?”

அந்த இடம் மரத்துப்போயிருப்பது நர்ஸுக்குப் புரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து, ‘அழகை’ அணைத்து, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தாள். தையல்காரம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தேமலுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இதுவாச்சும் பொய் சொல்லாது.”

‘முந்தைய படத்தில் இருந்த பிழை என்னுடையது. தேமலில் உணர்ச்சி இல்லை’ என்று நர்ஸ் எழுதினாள். பின்னால் வந்து நின்றிருந்தார் நிர்வாகி.

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கற.”

“என் தலைதானே சார், போட்டுக்கறேன். அவங்க கண்ணு போகக் கூடாது.” சொல்லிக்கொண்டே அனுப்பினாள்.

அரை மணியில் மருத்துவரே அழைத்தார்.

“தொழுநோயோட ஆரம்பம் மாதிரி இருக்கு. நாளைக்கே நேர்ல அனுப்புங்க. சோதிச்சுட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம், குணமாயிடும். இமை நரம்பைத் தொட்டுக் கண்ணைக் கெடுக்கறதுக்குள்ள பிடிச்சிட்டீங்க. நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சிஸ்டர்.”

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஊசியில நூல் கோக்கற கண்ணு இது, சாமி.” போகும்போது நர்ஸின் சட்டையில் தொங்கிய பொத்தானை இரண்டே குத்தில் தைத்துவிட்டுப் போனாள்.

“நாளைக்குக் காலையில விளக்கக் கடிதம் வரணும்” என்றார் நிர்வாகி.

நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். அந்தப் பிரியாவிடை நாளுக்குப் பிறகு இன்னும் நான்கு பேரை அவள் படம் எடுத்திருந்தாள். நான்குமே ‘இயல்பு’.

“அஞ்சு பேருக்கும் சேத்து ஒரே கடிதமா எழுதறேன் சார்” என்று சொல்லி, முதல் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழைத்தாள்.